மீனுக்கு அம்மை போட்ட வீடு

இட்லியை இறக்கிய பிறகு சட்டியில் மிஞ்சும் வெந்நீரைச் சாக்கடையில் கொட்டும் பெண்களை அக்காவுக்குப் பிடிக்காது. நான் கொட்டினேன். விளாங்குடியில் அவர் வீட்டு மாடிக்கு நாங்கள் குடிவந்த மறுநாள் காலை அது. கீழே தோட்டத்தில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, அம்புட்டுச் சூட்டையும் சாக்கடைக்குக் குடுத்துட்டியே. குளிருதுன்னு அது உங்கிட்ட வந்து அழுதுச்சா?"

நான் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். புது வீடு, புது வீட்டுக்காரம்மா என்று பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

"மதுரையில சூட்டுக்காக்கா பஞ்சம்?" என்றேன்.

"பகல்ல பஞ்சமில்லதான். மார்கழி விடிகாலையில இந்தத் தொட்டிக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டு இதே கேள்வியைக் கேளு."

வாசல் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில், ஒரு கார் நிற்கும் அளவு இடத்தில் அந்தச் சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஒரு ஓரம் அல்லி, மறு ஓரம் செம்பருத்திச் செடி, நடுவில் மீன்கள். ஆரஞ்சு மோலி, வாலை விசிறிக்கொண்டு திரியும் கப்பி, கொஞ்சம் ஏஞ்சல். சூட்டைப் பற்றி அக்கா சொன்ன எல்லாப் பேச்சும் கடைசியில் அந்தத் தொட்டியில் வந்துதான் முடியும்.

அக்கா வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. எங்களோடு அசல் மதுரைத் தமிழ். மீன்களோடு எப்போதும் வீட்டு மொழிதான். ஏன் என்று கேட்டதற்கு, "பிறந்ததுலருந்து அதுக கேட்ட பாஷை அதுதானம்மா, திடீர்னு தமிழ்ல பேசுனா பயந்துக்கிராதா?" என்றார். அவருடைய கணவர் சேலை வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். வீட்டில் இருக்கும் நாட்களிலும் செய்தித்தாளுக்குப் பின்னால்தான் இருப்பார். அதனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

சூட்டை மிச்சம் பிடிப்பது அக்காவுக்கு ஒரு வெறி என்றே சொல்ல வேண்டும். இஸ்திரி போட்டு முடித்துச் சுவிட்சை அணைத்த பிறகு, பெட்டி ஆறுவதற்குள் கைக்குட்டைகளையெல்லாம் தேய்த்துவிடுவார். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும், அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் ஈரமான மிதியடியைக் கொண்டுவந்து விரிப்பார். "தம்பி, வண்டி நல்லா சுட்டுருக்குல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்பார். பாவம் அவர், பரவைப் பாலத்திலிருந்து நெரிசலில் வெந்து வந்திருப்பார். "நானும் நல்லா சுட்டுத்தான்க்கா வந்திருக்கேன்" என்று முனகிக்கொண்டே மாடி ஏறுவார்.

என் மகள் பிறந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குக் கட்டும் துணி ஒன்றுகூடக் காயவில்லை. நான் அழாத குறை. அக்கா மேலே வந்து, ஈரத்துணி அத்தனையையும் வாளியோடு தூக்கிக்கொண்டு போனார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்கும். அதில் கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார். சாயங்காலம் மடித்துக் கொடுத்தபோது ஒவ்வொன்றும் கதகதவென்று இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டும் நீரிலும் முதலில் அவர் முழங்கைதான் இறங்கும். முழங்கை சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளை இறங்கும். அந்த மழை நாட்களிலிருந்து அக்கா என்றால் எனக்கு உயிர். வாய்ச்சண்டை அது பாட்டுக்குத் தனியாக நடந்தது.

மதுரைக் குளிரைக் குளிர் என்றால் கொடைக்கானல்காரர் சிரிப்பார். ஆனால் மீனுக்குக் கொடைக்கானல் தெரியாதே. பகல் வெயிலில் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், விடிகாலைப் பனியில் சில்லிட்டுப் போகும், இந்த ஏற்ற இறக்கம்தான் அதற்கு ஆகாது. ஒவ்வொரு மார்கழியிலும் மீன்கள் சுருண்டு, மூலையில் ஒதுங்கி, செத்து மிதக்கும். அக்கா செம்பருத்தி அடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டார். அந்தச் செம்பருத்தி மட்டும் வருடா வருடம் கொழுத்துக்கொண்டே போனது.

மீன் கடைக்காரர் கரண்டு ஹீட்டர் ஒன்றைக் காட்டினாராம். "எந்நேரமும் ஓடணுமா?" என்று அக்கா கேட்டார். ஆமாம் என்றார் கடைக்காரர். அக்கா அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். "வானத்துல இருந்து அம்புட்டுச் சூடு சும்மா கொட்டுது. அதைப் பிடிச்சு வைக்கத் தெரியாம, காசு குடுத்துச் சூடு வாங்குவாங்களா?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினார்.

அவருடைய ஒரே மகன் பெங்களூரில் வேலை பார்த்தான். கார் வாங்கிவிட்டான். தீபாவளிக்கு வந்தவன், காரைத் தெருவில் நிறுத்தியதற்கே முகம் வாடிப் போனான். அம்மாவும் மகனும் சாதாரணமாகப் பேசும்போது வீட்டு மொழி. சண்டை முற்றினால் இருவருமே தமிழுக்கு மாறிவிடுவார்கள், மாடியில் இருக்கும் எனக்கு விளங்க வேண்டுமே, நாளைக்குச் சாட்சி வேண்டுமே! அன்றும் தமிழில்தான் கேட்டது.

"வருசா வருசம் சாகுது, வருசா வருசம் நீங்க அழுறீங்க. எதுக்கும்மா இந்தத் தொட்டி? இந்த மார்கழியும் செத்துச்சுன்னா பொங்கலுக்கு வந்து மண்ணைக் கொட்டி மூடிருவேன். கார் நிக்க இடமாச்சு."

"சாகலைன்னா?"

"சாகலைன்னா நான் தொட்டியைத் தொடவே மாட்டேன்."

"ஏம்மா, கேட்டுக்கிட்டியா?" என்று அக்கா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கேட்டுக்கொண்டேன் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது.

கார்த்திகை விளக்கு முடிந்ததும் வேலை ஆரம்பமானது. தெருவில் யார் டிவி வாங்கினாலும் அதோடு வந்த தெர்மாகோல் அக்காவுக்கு வந்துவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தத் துண்டுகளைத் தண்ணீர் மேல் மிதக்க விட்டு, மேலே உரச்சாக்குகளைத் தைத்த படுதாவை மூடுவார். மீன் மூச்சு விட ஒரு மூலையில் கொஞ்சம் திறப்பு. மேலூரிலிருந்து வந்து வீட்டுத் தரைக்குப் போட்டது போக மிஞ்சிய கறுப்புக் கிரானைட் துண்டுகள் பகலெல்லாம் மாடியில் வெயில் காயும், சாயங்காலம் தொட்டிக்குள் இறங்கும். என் இட்லிச் சட்டி வெந்நீர் பாட்டில்களில் அடைபட்டு, மூடி இறுக்கப்பட்டு, அல்லிக்கு நடுவில் மிதக்கும். முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்க மகன் வாங்கித் தந்த ரப்பர்ப் பையும் ஒருநாள் மிதப்பதைப் பார்த்தேன்.

"அக்கா, உங்க முழங்காலு?"

"முழங்காலு செத்தா போயிரும்?" என்றார்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு வினையாக வந்தது மாடித் தண்ணீர்த் தொட்டி. கறுப்புத் தொட்டி அது. மார்கழியிலும் மத்தியானம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டலாம், அப்படி ஒரு இதமான சூடு. அக்கா மீன் தொட்டியின் அடியில் கிடக்கும் குளிர்ந்த நீரை மொண்டு செடிகளுக்கு ஊற்றிவிட்டு, ஓஸ் குழாய் வழியாக மாடித் தண்ணீரைச் சன்னமாக இறக்குவார். சன்னமாக என்றாலும் தண்ணீர் தண்ணீர்தானே. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து முகத்துக்குச் சோப்புப் போடும் நேரம் குழாய் காற்றைக் கக்கும்.

"அடியே, அந்தம்மாட்டச் சொல்லு, மாடியிலயும் மூணு உசுரு இருக்குன்னு" என்று கண்ணை மூடிக்கொண்டே கத்துவார்.

ஆனால் மீன்கள் பிழைத்தன. மார்கழி பாதி தாண்டியும் ஒன்றும் சாகவில்லை. அதிலும் கருப்பி என்று நாங்கள் கூப்பிட்ட கறுப்பு மோலி ஒன்று வயிறு புடைத்துத் திரிந்தது. மோலி முட்டையிடாது, குஞ்சாகவே போடும். "பிள்ளைத்தாச்சிம்மா" என்று அக்கா பூரித்துப் போனார். அதற்குத் தனியாக ஒரு கிரானைட் துண்டு இறங்கியது.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் வானம் மூடிக்கொண்டது. தூறலும் பனியுமாக, சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாடித் தொட்டியிலும் பச்சைத் தண்ணீர். கல்லும் காயவில்லை. வெறும் இட்லிச் சட்டி வெந்நீரை நம்பி ஒரு தொட்டி நிறைய உயிரா பிழைக்கும்? ஒருநாள் காலை அக்கா கூப்பிட்ட குரலே சரியாக இல்லை. ஓடினேன். கருப்பியின் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளி, ரவையைத் தூவிவிட்டது மாதிரி. மற்ற மீன்களிலும் அங்கங்கே. எல்லாம் உடம்பைச் சுவரில் உரசிக்கொண்டிருந்தன.

"என்னம்மா இது?" அக்காவின் கண் கலங்கியிருந்தது.

அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "ஆத்தா வந்திருக்கா போலக்கா. அம்மை" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டார். அவ்வளவுதான், போச்சு. கொஞ்ச நேரத்தில் வாசல் கேட்டில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் என்னென்ன விலக்கோ அத்தனையும் அமலுக்கு வந்தன. தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி கிடையாது, கறி கிடையாது. ஒரே காம்பவுண்டு என்பதால் மாடிக்கும் சேர்த்துத்தான். "மீனுக்கு அம்மை போட்டதுக்கு நான் ஏண்டி கடுகு போடாத ரசத்தைக் குடிக்கணும்?" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். மாட்டுப் பொங்கலுக்குக் கறி எடுக்க ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த மனிதர்.

அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவது வழக்கம். அக்கா கை நிறையக் கல்லுப்பை எடுத்து வேண்டிக்கொண்டே தொட்டியில் போட்டார். மிளகையும் எடுத்தவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன். "அக்கா, மிளகைக் கோயில்ல போட்டுக்கலாம். ரசமாயிரும்." அதற்கு மட்டும் சம்மதித்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகன் வந்து சேர்ந்தான். புதுக் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, மண்ணுக்கு ஏற்பாடு செய்து, கொத்தனாரையும் கையோடு கூட்டி வந்திருந்தான். தொட்டி மீன்கள் நோவில் கிடக்கின்றன என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். நான் இல்லை.

கொத்தனார் கடப்பாரையோடு கேட் வரைக்கும் வந்தார். வேப்பிலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"யாருக்குண்ணே அம்மை?"

"யாருக்கும் இல்ல, வாங்க. மீனுக்கு."

"மீனுக்கா?"

"ஆமாண்ணே. எங்கம்மா கட்டி வச்சிருக்காங்க. நீங்க பாட்டுக்கு உள்ள வாங்க."

கொத்தனார் வரவில்லை. "யாருக்குப் போட்டிருந்தா என்னண்ணே, வேப்பிலை கட்டியாச்சுல்ல. ஆத்தா இருக்கிற எடத்துல கடப்பாரை போட்டுட்டு என் பிள்ளைகுட்டிகளுக்கு யாரு பதில் சொல்றது? மூணு தண்ணி ஊத்தி, வேப்பிலையை அவுத்ததும் சொல்லுங்க, வாரேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்.

மகன் உள்ளே வந்தான். உடனே தமிழ் ஆரம்பமானது.

"செத்தா மூடுவேன்னு சொன்னேன்ல?"

"இன்னும் ஒண்ணும் சாகலைடா. மேலுக்கு முடியாமத்தான் கிடக்கு. முடியாமக் கிடக்கிறவங்க மேல மண்ணள்ளிப் போடுவியா நீயி?"

கொத்தனார் சொன்ன மூன்று தண்ணீர் வரை பொறுப்பதாகவும், அதற்குள் ஒரு மீன் மிதந்தாலும் தொட்டி போச்சு என்றும் சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் காலை வெயில் அடித்தது. மாடியிலிருந்து பார்த்த நான் சத்தம் போட்டே கும்பிட்டேன்.

அம்மை இறங்கினால் வெயிலில் காய வைத்த தண்ணீரில்தான் தலைக்கு ஊற்றுவார்கள், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு. அக்கா வீட்டிலிருந்த அண்டா, குண்டான், குடம் அத்தனையும் மொட்டைமாடிக்கு ஏறின. என் பாத்திரங்களும் போயின. மூன்று மணிக்கு அக்கா ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். ஒரு படிக்கு ஒருமுறை நின்றார். முழங்கால். ரப்பர்ப் பைதான் மீனுக்குப் போய்விட்டதே. அடுத்த குடத்துக்கு ஏறத் திரும்பியபோது, மகன் அவரைத் தாண்டி மேலே போனான். அன்று அத்தனை பாத்திரங்களையும் அவன்தான் இறக்கினான். புதுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது.

"மெதுவா ஊத்துடா. பிள்ளைத்தாச்சி இருக்கா."

"எதும்மா?"

அக்கா கருப்பியைக் காட்டினார். அவன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முழங்கையைத் தண்ணீரில் விட்டான். அவனை அப்படித்தானே வளர்த்திருப்பார். "இன்னும் கொஞ்சம் சூடு வேணும்மா" என்று அவன் சொன்னது வீட்டு மொழியில். ஆனாலும் எனக்கு விளங்கியது.

முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் என்று போகப் போகப் புள்ளிகள் உதிர்ந்தன. உப்பும் விடாத சூடும்தான் அந்த நோய்க்கு மருந்து என்று மீன் கடைக்காரர் பிறகு சொன்னார். அக்காவிடம் அதைச் சொன்னபோது, "அதைத்தான் ஆத்தா செஞ்சா" என்றார். அதற்கு மேல் அவரோடு யார் பேச?

மூன்றாம் தண்ணீர் ஊற்ற வேண்டிய காலை, பால் வாங்கக் கீழே இறங்கினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் அந்தப் புதுக் கார் போர்வை இல்லாமல், கண்ணாடி முழுக்க வேர்த்து, வெறித்துக்கொண்டு நின்றது. பெங்களூரிலிருந்து மடித்துக் கொண்டுவந்த அதன் பளபளப்பான உறை எங்கே என்று திரும்பிப் பார்த்தால், உரச்சாக்கெல்லாம் ஓரமாகக் கிடக்க, உறையை மீன் தொட்டி இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, காற்றுக்கு ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கி விட்டிருந்தான்.

உறையை விலக்கியபோது அல்லி இலைக்கு அடியில் கடுகு கடுகாக என்னமோ ஓடியது. "அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்திருக்கும். கருப்பி குஞ்சு போட்டிருந்தாள். அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். மகனையும் கட்டிக்கொண்டார். மாடியிலிருந்து பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "அப்ப இன்னைக்குக் கடுகு தாளிக்கலாமாக்கா?" என்று கேட்டார். அன்று தெருவுக்கே கூழ் ஊற்றினோம். கொத்தனாரும் வந்து ஒரு செம்பு குடித்துவிட்டு, கடப்பாரையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் போனார்.

பிறகு நாங்கள் பரவையில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். போன மார்கழியில் மார்க்கெட்டில் நல்ல அவரைக்காய் கிடைத்தது என்று அக்காவுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு விளாங்குடிக்குப் போனேன். கேட்டில் வேப்பிலை தொங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினேன். தலை முழுக்க நரைத்துப் போன அக்கா, தொட்டிக் கரையில் நாற்காலி போட்டுச் சௌக்கியமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார். தண்ணீருக்குள் கருப்பியின் பேரன் பேத்திகள் துள்ளி விளையாடின. ஒன்றின் மேலும் ஒரு புள்ளி இல்லை.

"யாருக்குக்கா அம்மை?"

"சத்தமாப் பேசாதம்மா. யாருக்கும் இல்ல. நாளைக்கு மகன் வாரான்."

"வரட்டுமே. அதுக்கு எதுக்கு வேப்பிலை?"

"அவன் சும்மாவா வாரான்? மீனு குளிர் தாங்காதாம், நான் படியேறக் கூடாதாம். கரண்டு ஹீட்டர் வாங்கிட்டு, மாட்டுறதுக்கு ஆளையும் கூட்டிட்டு வாரான். எந்நேரமும் ஓடுமாம்." அக்கா முகத்தைச் சுளித்தார். "அம்மை போட்ட வீட்டுச் சுவத்துல ஓட்டை போடக் கூடாதுல்ல?"

நான் கேட்டில் தொங்கிய வேப்பிலையைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளாக்கா?"

"அவளுக்குத் தெரியாதா எம் மனசு?"

"அப்ப, அந்த வருசம் கட்டுனது?"

"அந்த வருசம் அம்மைன்னு நீதானம்மா சொன்ன" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல். பிறகு முழங்கையைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தார்.

"போ, மாடிக் குழாயைத் திறந்து விடு. மூணு மணி ஆகப்போகுது, அம்புட்டுச் சூடும் வீணாப் போகுதுல்ல."